கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் செல்: கல்லீரல் புற்றுநோயும் நானோ துகள்களும்

பச்சைக் கல்லீரலில் ஒரு சிறு துண்டைச் சோதனைக் குழாயில் போட்டு, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை ஊற்றும் சோதனையைப் பள்ளி ஆய்வகத்தில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஊற்றிய மறுநொடி புசுபுசுவென்று நுரை பொங்கிக் குழாயின் வாய்வரை ஏறிவரும். குழாயைத் தொட்டுப் பார்த்தால் சுடும். கனன்றுகொண்டிருக்கும் ஒரு குச்சியை அந்த நுரைக்குள் நீட்டினால் சட்டென்று மறுபடி பற்றிக்கொள்ளும், ஏனென்றால் நுரைக்குள் இருப்பது ஆக்சிஜன். கல்லீரல் செல்களில் நிறைந்து கிடக்கும் கேட்டலேஸ் என்ற நொதி, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப் போட்டுவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த சிக்கல் முழுவதும் அந்த நுரைக்குள் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் சேர்மங்களை ஆயுதமாக்கிக் கல்லீரல் புற்றுநோயை அழிக்க முடியுமா என்று உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. அந்த ஆயுதத்தைக் கட்டிக்கு எடுத்துச் செல்ல நானோ துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதே சேர்மங்களை அணைத்துப் போடுவதில் உடம்பிலேயே கைதேர்ந்த உறுப்பு கல்லீரல்தான். இந்த இழுபறி புரிந்துவிட்டால், இந்தத் துறை பற்றி வரும் எந்தச் செய்தியையும் நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் நோயின் அளவைப் பார்த்துவிடுவோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 8 லட்சத்து 66 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 7 லட்சத்து 59 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே நிலைமையைச் சொல்லிவிடும். பெரும்பாலும் நோய் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, கொழுப்புக் கல்லீரல், பூஞ்சை பிடித்த தானியங்களில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

சரி, ஆக்சிஜன் எப்படி ஆயுதமாகிறது?

நம் செல்களில் பெரும்பாலானவற்றில் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உலைகள் உண்டு. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களைப் படிப்படியாகக் கைமாற்றி, கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைத்து, அந்த ஓட்டத்திலிருந்து ஆற்றலைப் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. சில எலக்ட்ரான்கள் வழியிலேயே கசிந்துவிடுகின்றன. கசிந்த எலக்ட்ரான் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டால் சூப்பர்ஆக்சைடு. அதைச் செல்லிலுள்ள ஒரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இதுவரை பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் சாதுவானது, செல்லுக்குள் தகவல் சொல்லும் தூதாகக்கூட வேலை செய்கிறது. ஆனால் அது இரும்பைச் சந்தித்தால் கதை மாறிவிடும். இரும்பு அதை இரண்டாகப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. உயிரியலில் தெரிந்த ஆக்சிஜன் சேர்மங்களிலேயே மிக மூர்க்கமானவற்றில் இது ஒன்று. அதன் ஆயுள் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ, டிஎன்ஏவோ புரதமோ செல்லின் கொழுப்புச் சவ்வோ, அதைத் தாக்கிவிடும். சில நானோமீட்டருக்கு மேல் அதனால் நகர முடியாது. எங்கே பிறக்கிறதோ அங்கேதான் தாக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவற்றை அணைக்கச் செல்லிடம் ஏற்பாடுகள் உண்டு. கேட்டலேஸை மேலே பார்த்தோம். அதைவிட முக்கியமானது குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு. பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவருக்குக் கல்லீரல் ஏன் பழுதாகிறது தெரியுமா? அந்த மருந்து உடையும்போது உண்டாகும் ஒரு நச்சை வழக்கமாகக் குளுட்டதயோன் பிடித்து அடக்கிவிடும். மாத்திரை மிதமிஞ்சினால் கையிருப்புக் குளுட்டதயோன் தீர்ந்துபோகும், நச்சு செல்களைத் தாக்கத் தொடங்கும். மருத்துவமனையில் கொடுக்கும் மாற்றுமருந்தான அசிட்டைல் சிஸ்டைன் செய்வதெல்லாம் குளுட்டதயோனை மறுபடி நிரப்புவதுதான். ஒரு சின்ன மூலக்கூறின் கையிருப்பில் ஒரு முழு உறுப்பின் உயிர் தொங்குகிறது. ஆக்சிஜன் சேர்மங்களின் வரவு, அணைக்கும் சக்தியை மிஞ்சிவிடும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் 1985இல் அந்தச் சொல்லுக்குத் தெளிவான வரையறை கொடுத்தார்.

இனிப் புற்றுசெல்லுக்கு வருவோம். அது ஓய்வில்லாமல் பெருகுகிறது. வளர்சிதை மாற்றம் தறிகெட்டு ஓடுகிறது, மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக வேலை செய்வதில்லை, கசிவு அதிகம். அதனால் சாதாரண செல்லைவிட அதற்குள் ஆக்சிஜன் சேர்மங்கள் கூடுதலாக இருக்கின்றன. அதைச் சமாளிக்கக் குளுட்டதயோனையும் கூடுதலாகத் தயாரித்துக்கொள்கிறது. எப்படியோ தாக்குப்பிடித்து நிற்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது.

ஒருவர் கணுக்காலளவு தண்ணீரில் நிற்கிறார், இன்னொருவர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் மூச்சு விடுகிறார்கள், பேசுகிறார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தண்ணீர் ஒரு முழம் ஏறினால் முதலாமவருக்கு முழங்கால் நனையும், அவ்வளவுதான். இரண்டாமவர் மூழ்கிவிடுவார். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை வைத்துச் செய்யும் எல்லாச் சிகிச்சைகளும் அந்த ஒரு முழத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இது முற்றிலும் புதிய எண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். கதிர்வீச்சுச் சிகிச்சையில் எக்ஸ் கதிர்கள் செய்யும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கதிர் உடம்பிலுள்ள தண்ணீரைப் பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை உண்டாக்குவதால் வருவது. டாக்ஸோரூபிசின் என்ற பழைய புற்றுநோய் மருந்தும் டிஎன்ஏவைக் குலைப்பதோடு ஆக்சிஜன் சேர்மங்களைப் பெருக்குகிறது. ஆனால் அது ரத்தத்தோடு உடம்பெங்கும் போகிறது, இதயத் தசையைப் பழுதாக்குகிறது, அந்தப் பழுதில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கும் பங்குண்டு. மருந்து வலிமையானதுதான், அதற்குப் போய்ச்சேர வேண்டிய முகவரி தெரியவில்லை. நானோ துகள்கள் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்தச் சிகிச்சைகளில் பயன்படும் துகள்கள் பொதுவாக 10 முதல் 200 நானோமீட்டர் வரை இருக்கும். நம் ரத்தச் சிவப்பணுவின் அகலமே சுமார் 7,000 நானோமீட்டர். இவ்வளவு சிறிய துகளுக்குள் மருந்தை அடைக்கலாம், துகளையே இரும்பாலோ மாங்கனீஸ் ஆக்சைடாலோ செய்யலாம், மேல்பரப்பில் குறிப்பிட்ட செல்லை அடையாளம் காணும் மூலக்கூறுகளை ஒட்டலாம், அமிலத்தன்மை கூடிய இடத்தில் மட்டும் கரையும்படி வடிவமைக்கலாம்.

இந்த வகைத் துகள்களில் என்னை மிகவும் ஈர்ப்பது இரும்பை வைத்துச் செய்யும் முறை. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று 1894இல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் எழுதினார். அவர் புற்றுநோயைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். பிற்காலத்தில் அந்த ஃபென்டன் வினை கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பயன்பட்டது. 2016இல் சீன ஆய்வாளர்கள் இரும்பு நானோ துகள்களைக் கொண்டு அதே வினையைக் கட்டிக்குள் நிகழ்த்திக் காட்டி, அதற்கு வேதி இயக்கச் சிகிச்சை என்ற பொருளில் ஒரு பெயரும் சூட்டினார்கள். இதில் வெளியிலிருந்து நஞ்சு எதையும் கொண்டுபோகத் தேவையில்லை. கட்டிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. துகள் இரும்பை மட்டும் கொண்டுபோய் இறக்குகிறது. புற்றுசெல் தானே தயாரித்து வைத்த பொருள் அதற்கே எதிரியாகிறது.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஃபென்டன் வினை நன்றாக ஓடுவது pH 3 அளவிலான கடும் அமிலத்தில். கட்டியின் சுற்றுப்புறம் ரத்தத்தைவிடச் சற்றே அமிலமானது, pH 6.5க்கு அருகில் இருந்தால் பெரிது. செல்லுக்குள் போன துகள்களை விழுங்கும் லைசோசோம் பைகளில் pH 4.5 முதல் 5 வரை இருப்பதால் அங்கே நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அதனால் சிலர் இரும்பை விட்டுவிட்டுச் செம்பை எடுத்தார்கள், அது அமிலம் குறைந்த இடத்திலும் இதே வேலையைச் செய்கிறது. கட்டியிலுள்ள பெராக்சைடு போதவில்லை என்றால், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியையும் துகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். அது குளுக்கோஸைத் தின்று பெராக்சைடைத் தயாரிக்கிறது. செல்லின் உணவும் பறிபோகிறது, ஆயுதமும் பெருகுகிறது.

அப்புறம் குளுட்டதயோன். எத்தனை ரேடிக்கல் பிறந்தாலும் அணைத்துவிடக்கூடிய அளவுக்கு அது செல்லுக்குள் குவிந்து கிடக்கிறது. மாங்கனீஸ் டைஆக்சைடு துகள்கள் இதற்கு ஒரு நேர்த்தியான பதில். துகள் செல்லுக்குள் நுழைந்ததும் குளுட்டதயோனோடு வினைபுரிந்து அதைச் செலவழித்துவிடுகிறது. அந்த வினையில் துகள் கரைந்து மாங்கனீஸ் அயனிகளை வெளிவிடுகிறது, அந்த அயனிகள் இரும்பைப் போலவே பெராக்சைடைப் பிளக்கின்றன. கவசத்தைக் கழற்றிய கையே வாளையும் வீசுகிறது. போதாக்குறைக்கு அந்த அயனிகள் எம்ஆர்ஐ படத்தில் பளிச்சென்று தெரிவதால், துகள் எங்கே கரைந்தது என்று வெளியிலிருந்தே பார்க்க முடியும்.

குளுட்டதயோனைக் குறிவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2012இல் ஃபெரோப்டோசிஸ் என்ற செல்மரண வகைக்குப் பெயரிடப்பட்டது. இரும்பின் உதவியால் செல்சவ்வின் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, சவ்வே கெட்டுச் செல் இறப்பது. இதைத் தடுத்து நிறுத்தும் காவலாளி ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி, அந்த நொதிக்கு எரிபொருள் குளுட்டதயோன். முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோராஃபெனிப் மாத்திரையே, சில வகைக் கல்லீரல் புற்றுசெல்களில் குளுட்டதயோன் தயாரிப்புக்குத் தேவையான சிஸ்டின் உள்ளே வருவதைத் தடுத்து இந்த மரணத்தைத் தூண்டுவதாக ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். எல்லாச் செல் வகைகளிலும் அப்படி நடப்பதில்லை. அந்த மாத்திரை, அனுமதிக்கு வழிவகுத்த பெரிய மருத்துவ ஆய்வில், நோயாளிகளின் இடைநிலை வாழ்நாளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக உயர்த்தியது. மூன்று மாதத்துக்கும் குறைவான அந்த நீட்டிப்பு அன்று பெரிய முன்னேற்றம். அதனால்தான் சோராஃபெனிப்பையும் இரும்பையும் ஒரே துகளில் ஏற்றிப் பார்க்கும் முயற்சிகள் இவ்வளவு நடக்கின்றன.

ஒளியைப் பாய்ச்சி ரேடிக்கல்களை உண்டாக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் ஒளி திசுவுக்குள் ஆழமாகப் போகாது, கல்லீரலோ விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒளிக்குப் பதில் அல்ட்ராசவுண்ட் அலையால் துகளைத் தூண்டும் முறை கல்லீரலுக்கு அதிகம் பொருந்தும் என்பது என் எண்ணம்.

சரி, துகள் கட்டிக்குப் போய்ச்சேருமா? என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வேதியியலைவிடக் கடினமான கேள்வி இதுதான்.

ரத்தத்தில் செலுத்திய நானோ துகள்களில் பெரும்பங்கு எங்கே போகிறது தெரியுமா? கல்லீரலுக்குத்தான். கேட்டதும் மகிழ்ச்சியாக இருக்கும், கல்லீரல் புற்றுநோய்க்குத்தானே மருந்து வேண்டும் என்று. ஆனால் 1990களில் எடுத்த எம்ஆர்ஐ படங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. அப்போது கல்லீரல் கட்டிகளைக் கண்டுபிடிக்க இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை நரம்பில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்ற விழுங்கும் செல்கள் உண்டு, ரத்தத்தில் வரும் அந்நியப் பொருள்களைப் பிடித்துத் தின்பது அவற்றின் பணி. அவை இரும்பை விழுங்குவதால் நல்ல கல்லீரல் முழுவதும் படத்தில் கருத்துவிடும். கட்டிக்குள் குப்ஃபர் செல்கள் மிகக் குறைவு, அங்கே இரும்பு போவதில்லை. அதனால் கருப்புப் பரப்பின் நடுவே கட்டி மட்டும் வெளிறித் தெரியும். நோயைக் கண்டுபிடிக்க அற்புதமான வழி. சிகிச்சையின் கண்ணோடு அதே படத்தைப் பாருங்கள்: துகள்கள் நல்ல கல்லீரலை நிறைத்திருக்கின்றன, கட்டி காலியாக இருக்கிறது.

மற்ற உறுப்புகளின் கட்டிகளிலும் நிலைமை பெரிதாக மேலில்லை. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு, செலுத்திய துகள்களில் கட்டியை அடைவது இடைநிலை அளவாக வெறும் 0.7 சதவீதம் என்று காட்டியது. அந்த எண் இந்தத் துறையையே உலுக்கியது.

இதைத் தாண்டச் சில வழிகள் தென்படுகின்றன. கல்லீரல் செல்களின் மேல்பரப்பில் காலக்டோஸ் வகைச் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் ஒரு ஏற்பி உண்டு, துகளின்மேல் அந்தச் சர்க்கரையைப் பூசினால் குப்ஃபர் செல்களைத் தவிர்த்துக் கல்லீரல் செல்களுக்குள் நுழையலாம். கிளிப்பிகன் 3 என்ற புரதம் பல கல்லீரல் புற்றுசெல்களில் நிறைய இருக்கிறது, வளர்ந்தவர்களின் நல்ல கல்லீரல் செல்லில் ஏறக்குறைய இல்லை. அதைப் பற்றும் எதிர்ப்பொருளைத் துகளில் ஒட்டலாம். நான் அதிகம் நம்புவது உடலமைப்பைப் பயன்படுத்தும் வழியை. நல்ல கல்லீரலுக்குச் சுமார் முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியின் ரத்தத்தைக் குடித்து வளர்கிறது. தொடையிலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ ஒரு மெல்லிய குழாயைத் தமனிக்குள் நுழைத்து, கட்டிக்குப் போகும் கிளைவரை கொண்டுபோய், மருந்தை அங்கேயே செலுத்தி ரத்த ஓட்டத்தை அடைப்பது இன்று வழக்கத்திலிருக்கும் சிகிச்சை. ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்த இடத்தைவிட்டு நகராது என்று முன்பு சொன்னேன் அல்லவா? இந்தக் குழாய் வழியாக அதைப் பிறப்பிக்கும் துகளைச் சரியான கிளையில் இறக்கிவிட்டால், அந்தக் குறையே நன்மையாகிவிடும்.

இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது, இதைப் பல செய்திகள் தொடுவதேயில்லை. கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் நல்ல கல்லீரலில் வருவதில்லை. வைரஸாலோ மதுவாலோ கொழுப்பாலோ பல ஆண்டுகள் அழன்று, தழும்பேறி, சிரோசிஸ் ஆகிவிட்ட கல்லீரலில் வருகிறது. அந்த நீண்ட அழற்சியே ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான், டிஎன்ஏவைக் கெடுத்துப் புற்றுநோய்க்கு வழிவிட்டதில் அதற்கும் கை உண்டு. ஆகவே கட்டியைச் சுற்றி நிற்கும் செல்கள் கணுக்காலளவு தண்ணீரில் நிற்கவில்லை. இடுப்பளவிலோ மார்பளவிலோ நிற்கின்றன. ஒரு முழம் ஏற்றினால் அவற்றிலும் பல மூழ்கலாம். நோயாளியை உயிரோடு வைத்திருப்பது அந்த மிச்சக் கல்லீரல்தான். கட்டி சுருங்கியும் கல்லீரல் செயலிழந்தால் அவருக்கு என்ன பயன்?

மனிதர்களிடம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? டாக்ஸோரூபிசினை நானோ துகளில் அடைத்துக் கல்லீரல் புற்றுநோயாளிகள் 397 பேரிடம் நடத்திய இறுதிக்கட்ட ஆய்வு, வாழ்நாளை நீட்டவில்லை என்று 2017இல் தெரியவந்தது. சூடு பட்டால் அதே மருந்தை வெளிவிடும் கொழுப்பு நானோ பைகளை 701 பேரிடம் சோதித்த ஆய்வும் 2013இல் இலக்கை எட்டவில்லை. ஹாஃப்னியம் ஆக்சைடு துகளைக் கட்டிக்குள் நேராக ஊசியால் ஏற்றி, கதிர்வீச்சின்போது ரேடிக்கல்களைப் பெருக்கும் முறைக்கு 2019இல் ஐரோப்பாவில் மென்திசுப் புற்றுநோய்க்காக அனுமதி கிடைத்தது. கல்லீரல் கட்டிகளிலும் ஆரம்பக்கட்டச் சோதனை நடந்திருக்கிறது. இரும்புத் துகளை வைத்துச் செய்யும் ஃபென்டன் சிகிச்சைகள் பெரும்பாலும் எலிகளிடமே நிற்கின்றன. ரத்தசோகைக்காக 2009 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டிலிருக்கும் ஃபெருமோக்ஸிடால் என்ற இரும்புத் துகள் மருந்து, எலிகளில் கல்லீரலுக்குப் பரவும் கட்டிகளைக் குறைத்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே துகள்கள் நேரடியாகப் புற்றுசெல்லைக் கொல்லவில்லை, விழுங்கும் செல்களைத் தட்டியெழுப்பிக் கட்டியின்மேல் ஏவின. துகள்கள் எப்படியும் விழுங்கும் செல்களிடம்தான் போகும் என்றால், அவற்றையே படைவீரர்களாக்குவது நல்ல யோசனையாக எனக்குப் படுகிறது.

இவ்வளவு படித்தபின் ஒரு கேள்வி எழும்: அப்படியானால் புற்றுநோயாளி, ஆக்சிஜன் சேர்மங்களை அணைக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிடலாமா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. எலிகளில் அசிட்டைல் சிஸ்டைன் சில கட்டிகளின் வளர்ச்சியையும் பரவலையும் வேகப்படுத்தியிருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவருக்கு நாமே ஒரு மணை போட்டுக் கொடுப்பதுபோல ஆகலாம். காய்கறி, பழங்களைப் பற்றி இங்கே பேசவில்லை, செறிவூட்டிய மாத்திரைகளைப் பற்றித்தான். சிகிச்சையில் இருப்பவர் அவற்றைத் தொடங்குமுன் தன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நானோ துகள் கல்லீரல் புற்றுநோயை அழித்தது என்று அடுத்தமுறை தலைப்பு வரும்போது, கட்டி எங்கே இருந்தது என்று உள்ளே தேடிப் பாருங்கள். பல ஆய்வுகளில் அது எலியின் தோலுக்கடியில் வளர்க்கப்பட்டிருக்கும். அங்கே குப்ஃபர் செல்களும் இல்லை, சிரோசிஸும் இல்லை. எந்தச் செல் என்றும் பாருங்கள். மிக அதிகமாகப் பயன்படும் ஹெப்ஜி2 செல்வரிசை, வளர்ந்தவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயிலிருந்து எடுத்ததல்ல, குழந்தைப்பருவக் கல்லீரல் கட்டி வகையைச் சேர்ந்தது என்று 2009இல் மறுஆய்வு செய்து சொன்னார்கள். கட்டி கல்லீரலுக்குள்ளேயே, அதுவும் தழும்பேறிய கல்லீரலுக்குள் இருந்து, சுற்றியுள்ள செல்கள் பிழைத்தனவா என்றும் அளந்திருந்தால், அந்தச் செய்தியை இரண்டு முறை படிக்கலாம்.